ஏழாம் அறையின் ஈரத்தரை

அந்த ஆஸ்பத்திரியின் ஐந்தாவது வார்டில் அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஈரத்தரை என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் 'அக்கா' சேர்த்துக்கொள்வார்கள். தரை துடைத்த இடத்தில் வைப்பதற்கென்று மஞ்சள் பலகை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள், ஒரு மனிதன் வழுக்கி விழுகிற படம் போட்டது. அதை ஒரு ஜீவனும் மதித்ததில்லை. பார்த்தாள். பலகையை மூலையில் சாத்திவிட்டுத் தானே பலகையாகிவிட்டாள். "ஈரத்தரை! ஈரத்தரை! கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று வார்டின் ஒரு கோடியில் அவள் குரல் கிளம்பினால், மறுகோடியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிற நோயாளிகூடப் படுத்தபடியே காலை மடக்கிக்கொள்வார்.

ஆள் ஐந்தடிக்கும் குறைச்சல். மாப் கட்டை அவளைவிட ஒரு சாண் உயரம். இரண்டு வாளி வைத்துக்கொள்வாள்: ஒன்றில் மருந்துத் தண்ணீர், இன்னொன்றில் அலசுகிற தண்ணீர். ஜன்னல் பக்கம் தொடங்கி, பின்பக்கமாகவே நடந்து, கதவுக்கு வந்து முடிப்பாள். முடித்த பிறகு அந்தத் தரையில் அவளுடைய காலடி ஒன்றுகூட இருக்காது. மற்றவர்களுடைய காலடி மட்டும் தவறாமல் இருக்கும். அதுதான் அவளுக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

வயிற்றெரிச்சலோடு பதினோரு வருடம் குனிந்து பார்த்ததில் ஒரு படிப்பும் வந்து சேர்ந்தது. யார் செருப்பு, யார் ஷூ என்று தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வார்டு சிஸ்டரின் வெள்ளைச் செருப்பு வெளிப்பக்கமே அழுத்தி விழும். சிஸ்டருக்கு முட்டி வலி என்பது சிஸ்டருக்குத் தெரிவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஈரத்தரைக்குத் தெரியும். சாப்பாட்டு வண்டிக்காரரின் வண்டியில் நாலாவது சக்கரம் உருளாது, இழுபடும். பெரிய டாக்டருடையது தோல் ஷூ. இடது குதிகாலில் குறுக்கே ஒரு வெடிப்பு. "இத்தனை பேருக்கு ஆபரேஷன் பண்றார், தன் செருப்புக்கு ஒரு தையல் போடத் தெரியல" என்பது அவள் தினசரிப் புலம்பல்.

பெரிய டாக்டர் இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றவர். கண்ணீர் மல்கப் பேசி, குரூப் போட்டோ எடுத்து, ஆளுயரச் சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து வெள்ளிக்கிழமை வழியனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாமல் ஓடாது என்று நிர்வாகமே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டதாம். கடிகாரத்தை மட்டும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

ஈரத்தரையின் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: வார விடுமுறை போக, ஒரு வருடம் முழுக்க ஒருநாள்கூட வராமல் இருக்கக்கூடாது. கேட்கிறதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஒரு தடவை ஒன்பது மாதத்தை ஓட்டிவிட்டாள், அம்மா போய்ச் சேர்ந்தாள். இன்னொரு தடவை பத்தாவது மாதம், பெருமழையில் பஸ் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எண்ணிக்கை. அதனால் இந்தத் தடவை காய்ச்சல் வந்தால்கூட ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டு வந்து மாப்பைப் பிடித்துவிடுவாள். சளியோடு எத்தனை நாள் வந்தாள் என்பதை அவளே எண்ணவில்லை.

மற்ற எண்ணிக்கையை அவள் புருஷன் பார்த்துக்கொண்டார். வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிற தையல்காரர். மிஷினுக்குப் பின்னால் சுவரில், துணிக்குக் குறி போடுகிற சாக்குக்கட்டியால் நாளுக்கு ஒரு கோடு. அந்த வியாழக்கிழமை காலை அவர் கோடு போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"இன்னும் பதினொண்ணுதான். அதுவரைக்கும் நீ தும்மக்கூடாது, ஆமா."

"நீங்க முதல்ல ஊசியைக் கீழ போடாம இருங்க. கால்ல குத்தி நான் லீவு போட்டா அந்தப் பாவம் உங்களுக்குத்தான்."

பதினோரு நாள். அவ்வளவுதான் பாக்கி இருந்தது. அன்றைக்குப் பார்த்து ஏழாம் அறை வாயைத் திறந்தது.

ஏழாம் அறை ஒற்றை ஆள் அறை. திங்கட்கிழமை அங்கே காய்ச்சலும் இருமலுமாக ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். தொற்றுக் காய்ச்சலாக இருக்குமோ என்று சந்தேகம். பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே சுவரில் ஓர் அட்டை மாட்டினார்கள். உள்ளே போகிற எவரும் அதில் பெயர், போன நேரம், வந்த நேரம் எழுத வேண்டும். சுவரில் செங்குத்தாக மாட்டின அட்டையில் பேனா இரண்டு எழுத்துக்குமேல் எழுதாது என்பதால் நூலில் கட்டின பென்சில். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "சாதாரண சளிக்கட்டுதான். ஆளாளுக்கு மாஸ்க் மாட்டிக்கிட்டு வந்து அவரைப் பயமுறுத்தாதீங்க" என்றார். அவரே சொன்ன பிறகு மாஸ்க்கை யார் மாட்டுவார்கள்?

அட்டையில் எழுதினவர்கள் மூன்றே பேர். சிஸ்டர், சாப்பாட்டு வண்டிக்காரர், ஈரத்தரை. பெரிய டாக்டர் எழுதமாட்டார். அவர் எழுதவில்லை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். அது அங்கே அப்படித்தான், மழை பெய்தால் நனைகிற மாதிரி. ஈரத்தரையோ நிமிடம் பிசகாமல் எழுதுகிறவள். 'உள்ளே 10.20, வெளியே 10.28.' ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு எட்டு நிமிடம்.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குப் பரிசோதனை முடிவு வந்தது. தொற்றுக் காய்ச்சலேதான். ஒரு மணிக்குள் தலை முதல் கால் வரை உறை மாட்டினவர்கள் வந்து நோயாளியைத் தனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறையைப் பூட்டினார்கள். மறுநாள் காலை மருந்துப் புகை போடுகிறவர்கள் வரும்வரை யாரும் திறக்கக்கூடாது. ஒன்றரைக்கு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஈரத்தரை எம்பி எம்பிப் பார்த்தும் தெரியவில்லை. சாப்பாட்டு வண்டிக்காரர் சத்தமாகப் படித்தார்.

மூன்று நாளில் நோயாளிக்கு ஆறடிக்குள், மொத்தம் பதினைந்து நிமிடத்துக்குமேல் இருந்தவர்கள் பதினான்கு நாள் பழைய ஹாஸ்டலில் தனியாகத் தங்க வேண்டும். நிரந்தரப் பணியாளர்களுக்கு இது வேலைக்கு வந்த நாளாகக் கருதப்படும். ஒப்பந்தப் பணியாளர்களுக்கு வராத நாளாகக் கருதப்படும்.

கடைசி வரியைப் படிக்கும்போது வண்டிக்காரரின் குரல் கம்மிவிட்டது. அவர் வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை. ஈரத்தரைக்குக் காதில் எதுவும் விழவில்லை. சுவரில் சாக்குக் கோடுகள் வரிசையாக அழிகிற மாதிரி கண்முன்னால் தெரிந்தது. அழவேண்டும் போலிருந்தது. அழுதால் மாஸ்க் நனையும் என்று அடக்கிக்கொண்டாள். அந்த மாஸ்க்கை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு மணிக்கு விசில் வந்தார். ஒப்பந்தக்காரர்களின் மேற்பார்வையாளர். விசில் ஊதுகிறவர் இல்லை, பேசும்போது பல்லிடுக்கில் காற்று வரும். அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஓர் அழிரப்பரை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"பட்டியல் டாக்டரம்மா மூணு மணிக்குத்தான் அட்டையை எடுக்க வர்றாங்க. பென்சில்தானே?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. உனக்குப் பதினோரு நாள்தான் பாக்கின்னு ஊருக்கே தெரியும். எழுதாதவங்க எல்லாம் ஏசி ரூம்ல உக்காந்திருக்காங்க, எழுதினவ மட்டும் போகணுமா? நல்லா யோசி."

யோசிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பத்து நிமிடம்தான் எடுத்துக்கொண்டாள். நேரே ஏழாம் அறைக்குப் போய், அட்டையைக் கையில் பிடித்து, முதல் வரியை அழித்தாள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, அழித்தாள். இரண்டாவது வரிக்கு ரப்பரைக் கொண்டுபோனபோது மூன்றாம் படுக்கையில் மூச்சுமிஷின் பீப் பீப் என்றது. அதில் இருந்த அம்மாவுக்கு நுரையீரல் காகிதம் மாதிரி ஆகிவிட்டது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஈரத்தரை தினமும் அந்தக் கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைக்கிறவள். குனியும்போதெல்லாம் அந்த அம்மா கையை நீட்டி அவள் தலையைத் தொடுவாள். பேசமுடியாதவர்கள் வேறு எப்படித்தான் வணக்கம் சொல்வது?

"சே!" என்றாள் ஈரத்தரை, சத்தமாகவே. யாரைத் திட்டினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. அழித்த இடத்தில் அதே நேரத்தை மறுபடி எழுதினாள். 'உள்ளே 10.20, வெளியே 10.28.' முன்பைவிட அழுத்தி எழுதினாள். ரப்பரைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அப்புறம் கோபம் வந்தது. சும்மா கோபம் இல்லை, வகையான கோபம்.

மூன்று மணிக்குப் பட்டியல் டாக்டர் வந்தார். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன இளம் டாக்டர். தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கையில் எப்போதும் ஏதாவது பட்டியல் இருக்கும், முகத்தில் எப்போதும் தூக்கமில்லாத களைப்பு இருக்கும். அட்டையைப் பார்த்தார்.

"முதல் வரி கொஞ்சம் கறுப்பா இருக்கே?"

"அது நான் அழிச்சிட்டு மறுபடி எழுதினது மேடம்."

"ஏன் அழிச்சீங்க?"

"போகக்கூடாதுன்னுதான்."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"அது பெரிய கதை மேடம். நான் போறேன். பதினாலு நாள் என்ன, இருபது நாள்கூட உள்ள போட்டுப் பூட்டுங்க. ஆனா பட்டியல்னா பட்டியல் மாதிரி இருக்கணும். இதுல மூணு பேர் இருக்கோம். ஒருத்தர் கூடுதல், ஒருத்தர் குறைச்சல்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "யார் கூடுதல்? யார் குறைச்சல்?"

"நாலு மணிக்கு வாங்க. சூரியன் இறங்கி ஜன்னல் வழியா வெயில் சாய்வா விழும். அப்ப தரையே சொல்லும்."

பைத்தியமா என்று நினைத்திருப்பார். ஆனாலும் வந்தார், அது அவருடைய பெருந்தன்மை. நாலு மணிக்கு ஏழாம் அறைக் கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். ஈரத்தரைக்கு எட்டவில்லை, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறிக்கொண்டாள். உள்ளே தரையெங்கும் வெயில் படுத்திருந்தது. மத்தியானம் வெறும் பளபளப்பாகத் தெரிந்த தரையில் இப்போது தடங்கள் ஒவ்வொன்றாக எழுந்துவந்தன.

"காலையில பத்து இருபத்தெட்டுக்கு நான் துடைச்சு முடிச்சேன். மருந்துத் தண்ணி காயறதுக்குக் கால் மணி ஆகும். அந்தக் கால் மணியில யாரு மிதிச்சாலும் அச்சு காஞ்சு நின்னுடும். காஞ்ச தரையில தடம் விழாது, அதனால ஒரு மணிக்கு வந்தவங்க தடம் எதுவும் இல்ல பாருங்க. ஒரு டைல்ஸ் ஒரு அடி. எண்ணிக்கோங்க."

டாக்டர் எண்ணினார். வாசலை ஒட்டியே நான்கு சக்கரத் தடம், ஒன்று மட்டும் இழுபட்டிருந்தது. அதிலிருந்து கட்டிலுக்கு ஒன்பது டைல்ஸ்.

"அது சாப்பாட்டு வண்டி. வாசல்லயே நின்னு தட்டை சிஸ்டர் கையில குடுத்துட்டுப் போயிடுவார். அவர் ஒருநாளும் உள்ள வந்ததில்ல. ஆனா நேர்மையா எழுதிட்டார். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு மேடம்."

வெளிப்பக்கம் அழுத்தின செருப்பு, கட்டில்வரை போய் வந்திருந்தது. அது சிஸ்டர், பட்டியலில் இருக்கிறவர். அதற்கு அப்பால், கட்டிலின் தலைமாட்டில், முதல் டைல்ஸிலேயே ஒரு ஜோடி ஷூத் தடம். முனை இரண்டும் நோயாளியைப் பார்த்து, ஒரே இடத்தில் மாறி மாறி மிதித்த தடம். இடது குதிகாலில் குறுக்கே ஒரு வெடிப்பு.

"நேத்தும் முந்தாநாளும் இதே நேரம்தான், இதே இடம்தான். எவ்வளவு நேரம் நின்னார்னும் சொல்றேன். தன் வீட்டு ரோஜாச்செடிக் கதையைச் சொன்னார். அந்தக் கதை இருபது நிமிஷம். பூச்சி அரிக்கிற இடம்வரைக்கும் எனக்கு மனப்பாடம்."

பட்டியல் டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. யாருடைய ரோஜாச்செடி என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அந்த நேரம் பார்த்து, சொல்லிவைத்தாற்போல், ரோஜாச்செடிக்காரரே வராந்தாவில் வந்தார்.

"என்னம்மா, ரெண்டு பேரும் ஜன்னல் வழியா சினிமா பாக்குறீங்களா?"

பட்டியல் டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "சார், உங்க இடது கால் ஷூவைக் கொஞ்சம் தூக்கிக் காட்ட முடியுமா?"

முப்பத்தைந்து வருட அனுபவத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதனாலேயே யோசிக்காமல் தூக்கிவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார், கொக்கு மாதிரி. டாக்டர் ஷூவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பட்டியலில் எழுதினார்.

விஷயம் புரிந்ததும் பெரிய டாக்டர் காலைக் கீழே வைத்தார். "நான் பதினாலு நாள் இல்லன்னா வார்டு என்ன ஆகும்னு யோசிச்சியாம்மா?"

"நீங்க இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சேன் சார்" என்றார் பட்டியல் டாக்டர். குரல் நடுங்கியது, ஆனால் வந்துவிட்டது. "பன்னிரண்டு படுக்கையிலயும் கை வச்சுப் பாக்குறீங்க. துணை டாக்டர் பதினாலு நாள் சமாளிப்பார்."

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அகப்பட்டுக்கொண்ட புத்திசாலி. ஈரத்தரையைப் பார்த்துச் சிரித்தார். பாதி விளையாட்டு, பாதி வேறு என்னவோ.

"தரைதான் சாட்சின்னா ஒரு சந்தேகம். உள்ள உன் காலடி ஒண்ணுகூட இல்லையே? சாட்சிப்படி நீ அங்க போகவே இல்ல. உனக்கும் பதினோரு நாள் பாக்கின்னாங்க. கதவைத் திறந்து ஒரு தடவை துடைச்சிட்டா என் காலடியும் இருக்காது. ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

பேச்சுச் சத்தம் கேட்டுச் சிஸ்டரும் வராந்தாவுக்கு வந்துவிட்டார். ஈரத்தரை வாளியிலிருந்து இறங்கினாள். இறங்கின பிறகு அவர் சட்டைப் பித்தான் உயரத்துக்குத்தான் இருந்தாள்.

"நான் பின்பக்கமா நடந்து துடைக்கிறவ சார். என் காலடியை நானே துடைச்சிட்டு வெளிய வருவேன், அதான் இல்ல. ஆனா நான் போனேன், எழுதியிருக்கேன். பதினோரு வருஷத்துல யாராவது தரையைத் துடைன்னு சொல்லி நான் மாட்டேன்னு சொன்னது கிடையாது. இன்னைக்குச் சொல்றேன். மாட்டேன்."

பெரிய டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன் மேடம், எழுதிக்கோங்க. வராத நாள்னு போட்டுடுவாங்கங்கிற பயத்துல காய்ச்சலோட ரெண்டு தடவை வந்து இந்த வார்டைத் துடைச்சிருக்கேன். தப்புதான். ஆனா அந்தத் தாளை ஒட்டினவங்க இனிமேலும் எங்களை அப்படித்தான் வரவைக்கப் போறாங்க. நாளைக்கு இந்த அட்டையில எவனும் எழுதமாட்டான். எழுதினா தண்டனை, எழுதலன்னா சம்பளத்தோட ரோஜாக் கதை. அப்புறம் உங்க பட்டியல்ல யாரு இருப்பா?"

பட்டியல் டாக்டர் பேனாவை மூடினார். அறிவிப்புப் பலகைக்கு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். பெரிய டாக்டர் அந்தத் தாளை அதுவரை படித்திருக்கவில்லை, அந்த மாதிரித் தாள்களை அவர் படிப்பதில்லை. இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். மறுபடி படித்தார்.

"ஒப்பந்தப் பணியாளர்னா... யார் யாரு?"

"வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டு வேலை பாக்குற எல்லாரும்தான் சார்" என்றார் சிஸ்டர், பச்சைப்பிள்ளை முகத்தோடு. "ஓய்வு பெற்று மறுபடி வந்தவங்களும்தான்."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதுவே சுருக்கமாகத்தான் நடந்தது. பெரிய டாக்டர் நிர்வாக அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தும் அவர் குரல் படிக்கட்டுவரை கேட்டது. "இது என்னய்யா அநியாயம்! உயிரைப் பணயம் வச்சு உழைக்கிற ஒப்பந்தப் பணியாளர் வயித்துல அடிக்கலாமா!" என்றார். பதினோரு வருடமாக யாரும் சொல்லாததை அரை மணி நேரத்தில் அவர் நாலு தடவை சொன்னார். ஐந்து மணிக்குப் புதுத் தாள் ஒட்டினார்கள். நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் வேலைக்கு வந்த நாளாகவே கருதப்படும்.

"நியாயம் எந்தக் கால்ல வந்தா என்ன" என்றாள் ஈரத்தரை. "வெடிச்ச குதிகால்ல வந்தாலும் வரட்டும்."

சாப்பாட்டு வண்டிக்காரர் வீட்டுக்குப் போனார். காய்ச்சல் வருகிறதா என்று காலையும் மாலையும் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்கள். மற்ற மூன்று பேரும் பழைய ஹாஸ்டலுக்குப் போனார்கள். வரிசையாக மூன்று அறை: பெரிய டாக்டர், ஈரத்தரை, சிஸ்டர். சாப்பாட்டை வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். உள்ளே யாரும் வரக்கூடாதாகையால் அவரவர் அறையை அவரவரே துடைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் காலை பக்கத்து அறையிலிருந்து சத்தம் வந்தது. "ஈரத்தரை! கொஞ்சம் கேளேன்."

"என்ன சார்?"

"தரையைத் துடைச்சிட்டேன்."

"நல்லது சார்."

"இப்ப நான் ஜன்னல் ஓரமா நிக்கிறேன். கதவு அந்தப் பக்கம் இருக்கு. சாப்பாடு வாசல்ல இருக்கு."

ஈரத்தரைக்குப் புரிந்துவிட்டது. மனுஷன் கதவில் தொடங்கி ஜன்னலில் முடித்திருக்கிறார். ஐந்தாவது வார்டில் எத்தனையோ பேர் அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள், ஆனால் தன்னைத்தானே ஈரத்துக்குள் சிறைவைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பக்க அறையில் சிஸ்டர் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"மிதிக்காதீங்க சார். காயறதுக்குக் கால் மணி ஆகும். அதுவரைக்கும் ரோஜாக் கதையைச் சொல்லுங்க."

அவரும் சொன்னார், இருபது நிமிடம். சாப்பாடு ஆறிப்போயிற்று.

எட்டாம் நாள் அவர் கதை சொல்லவில்லை. இருமினார். பரிசோதனையில் தொற்று இருந்தது. கடுமையில்லை, நாலைந்து நாள் படுக்கையோடு போயிற்று. ஆனால் அந்த நாலைந்து நாளும் ஈரத்தரை சுவரோரம் உட்கார்ந்து அவர் இருமலை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மையாகவே பயமாயிருந்தது. அவருக்காகவும் பயம், தனக்காகவும் பயம். அந்த வியாழக்கிழமை மாப்பை எடுத்திருந்தால் என்று நினைக்கும்போது வந்த பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. உடம்பு தேறின பிறகு பெரிய டாக்டரே சுவருக்கு அப்பாலிருந்து அதைச் சொன்னார்.

"நான் தினமும் முதல்ல போறது மூணாம் படுக்கைக்குத்தான்."

"தெரியும் சார். உங்க காலடியைப் பாத்திருக்கேன்."

இதற்கிடையில் பதினோராம் நாள் காலை புருஷன் போன் செய்தார். "கோடு போட்டாச்சு. சுவர்ல இடம் தீர்ந்துபோச்சு. ஒரு வருஷம் முழுசு" என்றார். சொன்ன கையோடு மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். டகடகவென்று அந்தச் சத்தத்தையே கொஞ்ச நேரம் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. அதில் அவள் சொந்தப் பெயரைப் பார்த்துவிட்டு இது யார் என்று வார்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஏழாம் அறை அட்டையில் இப்போதெல்லாம் எழுத இடம் கிடைப்பதில்லை. உள்ளே எட்டிப்பார்த்தவர்கள்கூட எழுதிவிட்டுப் போகிறார்கள். பெரிய டாக்டர் நிமிடத்தோடு எழுதுகிறார், எழுதிவிட்டு வாசலில் நின்று "காஞ்சிடுச்சா?" என்று கேட்கிறார். ஷூவுக்கு இன்னும் தையல் போடவில்லை.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஈரத்தரை விடியற்காலை எழுந்தபோது தொண்டையில் கரகரப்பு. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், லேசாகச் சுட்டது. கை பழக்கதோஷத்தில் மாத்திரை டப்பாவுக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. டப்பாவை மூடிவிட்டு வார்டுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், ஈரத்தரை பேசறேன்."

"சொல்லுங்கக்கா. பஸ் விட்டுட்டீங்களா?"

"இல்ல. காய்ச்சல் அடிக்குது." தொண்டையைச் செருமிக்கொண்டாள். பதினோரு வருடத்தில் காய்ச்சலுக்காக ஒருநாளும் சொல்லாத வார்த்தை, லேசில் வரவில்லை. "இன்னைக்கு நான் வரல."

அந்தப் பக்கம் மூன்றாம் படுக்கை மிஷின் பீப் பீப் என்றது.

"நல்லாப் படுத்துத் தூங்குங்கக்கா" என்றார் சிஸ்டர். "தரையை நாங்க பாத்துக்கறோம்."

"கதவுல ஆரம்பிக்கச் சொல்லாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். மிஷினில் உட்கார்ந்திருந்தவர் கத்தரிக்கோலைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்ன நீ?"

"இன்னைக்கு நான் வரலன்னு சொன்னேன்" என்றாள். தன் காதால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. "நான் வரல" என்று மறுபடி சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.